ஓடைப் பக்கத்துக் கடைசி ஆள்

அன்று ஓடைச் சரிவில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். ஓடைப் பக்கத்துக் கடைசியில் பேச்சியம்மாள். மேட்டுப் பக்கத்துக் கடைசியில் அவளுடைய நாத்தனார் முத்துமாரி. நிரைக்கு நடுவில் ராசாத்தி. பேச்சிக்கும் ராசாத்திக்கும் இடையில் தேவாரம் ஊரிலிருந்து வருகிற அக்கா தங்கச்சி இரண்டு பேர். ராசாத்திக்கும் முத்துமாரிக்கும் இடையில் கல்யாணமாகிப் புதிதாக வந்த ஒரு பெண்ணும், காது மந்தமான ஒரு பெரிய மனுஷியும். எல்லோருக்கும் பின்னால் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது நான், சூப்பர்வைசர். மேலே ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கட்டடத்தில், மானேஜரும் ஒரு காவலாளும். ரோட்டோரம் ஜீப்புக்குள் டிரைவர். வேறு ஆள் இல்லை.

இப்படி இடம் இடமாக எழுதுவதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்பதுதான் ஓய்வு பெறும் வரைக்கும் எனக்குச் சோலி. இப்போது என் இடத்தில் இருக்கிற பெண் விவசாய டிப்ளமோ படித்தவள். போன மழைக்கு போன் பண்ணினாள். "அக்கா, வடக்கத்தி ஆளுகதான் இப்ப நெறைய. நம்பர் போட்டு வரிசையா நிப்பாட்டுறேன். வேல நடக்குது. ஆனா நிரையில ஒரு சத்தம் இல்லக்கா. மூடுபனி எறங்குச்சுன்னா யாரு எங்க இருக்காகன்னே தெரியல. நீங்க எப்படிப் பிரிச்சு விட்டீக, எழுதிக் குடுங்க" என்றாள். போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இது.

எனக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போனேன். காய் எடுக்கப் படித்தேன், களை வெட்டினேன், உரம் சுமந்தேன், அட்டைக்கடிக்குப் பழகினேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. எல்லோருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது.

எல்லோருக்கும் இல்லாதது ஒன்று என்னிடம் உண்டு. எனக்குப் பயம் கூடுதல். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மலை ரோட்டு வளைவில் எதிரே வருகிற லாரியை விட, இன்னும் வராத லாரிக்குத்தான் அதிகம் பயப்படுவேன். மகள் பஸ்சில் ஏறிவிட்டாள் என்று போன் வந்தால், இறங்கிவிட்டாளா என்று அடுத்த போனுக்குக் காத்திருப்பேன். "ஏ அக்கா, நாளைக்கிச் செத்தா என்ன பண்றதுன்னு இன்னிக்கே அழுதுருவ போல" என்று ஜீப்பில் கேலி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். பயம் போகாது.

இப்படிப்பட்டவளைப் போய்ச் சூப்பர்வைசர் ஆக்கினார் எங்கள் மானேஜர். அவர் மலையாளத்துக்காரர். முன்பு பட்டாளத்தில் இருந்தவர். அவருக்கு முன்னால் சார் என்போம், பின்னால் பட்டாளம் என்போம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பதில் வரும் வரைக்கும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கு வேர்த்துவிடும்.

காலையில் ஜீப் போய் நின்றதும் பெண்கள் ஸ்டோர் வாசலில் பால் விடாத கட்டஞ்சாயா குடிப்பார்கள். அவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவார். "டிஸ்பொசிஷன் பற" என்பார். பற என்றால் சொல் என்று அர்த்தம். முதல் வார்த்தை என்ன எழவு என்று முதல் நாள் எனக்குத் தெரியவில்லை. முழித்தேன். பட்டாளத்தில் எந்த ஆள் எந்த இடத்தில் நிற்கிறான் என்று சொல்வதற்கு அந்த வார்த்தை என்று அவரே சொன்னார். இன்றைக்கு எந்தச் சரிவு, எத்தனை பேர், மேட்டுக் கடைசியில் யார், ஓடைக் கடைசியில் யார், நடுவில் யார் என்று நான் வாயால் ஒப்பிக்க வேண்டும். எழுதிக் காட்டக் கூடாது. "எப்பவும் போலத்தான் சார்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கையில் இருந்த சாயாவை அப்படியே கீழே வைத்தார். "எப்பவும் போல மழ பெய்யுமா? எப்பவும் போல எல்லாருக்கும் ஒடம்பு சுகமா? பற" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வீட்டில்கூடச் சொல்வதில்லை.

இடத்தைச் சொன்னால் மட்டும் போதாது. ஏன் என்றும் சொல்ல வேண்டும். ஏலக்காய் எடுப்பதைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செடி ஆளை விட உயரம். காய் இருப்பதோ தூரில், மண்ணோடு படர்ந்து கிடக்கிற சரத்தில். ஆகவே பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முற்றிய காயாகப் பார்த்துத் தேர்ந்து எடுப்பார்கள். இரண்டு தூர் தள்ளி இருப்பவளைக் கண்ணால் பார்க்க முடியாது. பனி இறங்கிவிட்டால் தன் வாளியே தனக்குத் தெரியாது. காதை வைத்துத்தான் எல்லாம். மேட்டுக் கடைசியில் இருப்பவள் அவ்வப்போது "ஓ...ய்" என்று கூவுவாள். ஓடைக் கடைசியில் இருப்பவள் பதிலுக்குக் கூவுவாள். அந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் நிரை இருக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன். அதனால் இரண்டு கடைசியிலும் வாய் ஓயாதவர்களைத்தான் போட வேண்டும். அமைதியானவர்களை நடுவில் வைக்க வேண்டும். சுருக்காக எடுப்பவளை மெதுவாக எடுப்பவள் பக்கத்தில் விட்டால் மெதுவானவள் அவசரப்பட்டுப் பிஞ்சைப் பறித்து வாளியை நிரப்புவாள். புதுப்பெண்ணைச் சிரிப்பவள் பக்கத்தில் விடக் கூடாது, சொல்லிக் கொடுப்பவள் பக்கத்தில் விட வேண்டும். உடம்பு முடியாதவளுக்கு ஒற்றையடிப் பாதையை ஒட்டின இடம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் என்னென்ன ஆகக்கூடும் என்று முந்தின நாளே படுத்துக்கொண்டு பயந்ததில் தெரிந்துகொண்டதுதான்.

ஒருமுறை முதலாளி காரில் வந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே மானேஜரிடம் இங்கிலீசில் பேசினார். அதில் 'நெர்வஸ் டிஸ்பொசிஷன்' என்று காதில் விழுந்தது. நிரை பிரிப்பதைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் கும்பிட்டு வைத்தேன். கார் போன பிறகு மானேஜரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஆளோட சுபாவத்துக்கும் அதே வார்த்ததான். நீ பயந்த சுபாவம், சூப்பர்வைசர் வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது.

"நீங்க என்ன சார் சொன்னீக?"

"பேடி உள்ள ஆள்தான் எனிக்கு வேணும்னு சொன்னேன்."

பேடி என்றால் அவர்கள் பாஷையில் பயம். அவர் சாயா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு மகள் காலேஜில் படிக்கும்போது அகராதியில் பார்க்கச் சொன்னேன். ஆளின் சுபாவம், ஆட்களையும் சாமான்களையும் அமைத்து வைக்கிற விதம், ஒரு காரியத்தில் மனம் சாய்ந்திருப்பது, ஒன்றைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுவது என்று வாசித்துக்கொண்டே போனாள். "ஒத்த வார்த்தைக்கு இம்புட்டுச் சோலியா" என்று அவளுக்குச் சிரிப்பு. இங்கிலீஷ்காரர்களுக்கு அது எப்படிச் சேர்ந்ததோ எனக்குத் தெரியாது. முதல் இரண்டையும் பிரித்து வைத்து என்னால் ஒருநாள்கூட வேலை பார்க்க முடிந்ததில்லை.

இனி பேச்சியம்மாள் சமாச்சாரம். பேச்சியும் முத்துமாரியும் போடியில் ஒரே தெரு. பேச்சியின் மகனுக்கு முத்துமாரியின் மகள் முறைப்பெண். சின்ன வயதிலேயே பேசி வைத்தது. அந்தப் பெண் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனாள். பரிசம் போட நாள் குறித்த பிறகு, வேண்டாம் என்றுவிட்டாள். முத்துமாரி மகள் பக்கம் நின்றாள். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. ஒரே ஜீப்பில் வந்தாலும் முகம் பார்க்க மாட்டார்கள்.

பேசுவதில்லை என்றால் சும்மா இருப்பதாக நினைக்க வேண்டாம். ஜாடைப் பேச்சு நடக்கும். முத்துமாரி மேட்டில் இருந்து கூவினால், பேச்சி அவளுக்குப் பதில் கூவ மாட்டாள். செடியைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஒரம் போட்டவள மறக்காத செடிடா நீ. சில மனுசருக்கு இருக்கா அந்த நன்றி?" என்பாள். முத்துமாரி தன் வாளியைப் பார்த்து, "பெத்த பிள்ளய விக்கச் சொல்றவளுக்கு வாயி மட்டும் கொறைச்சலில்ல" என்பாள். நடுவில் இருக்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். காய் மட்டும் சரசரவென்று வாளியில் விழும். கோபத்தில் இரண்டு பேருக்கும் வேலை வேகமாக ஓடும்.

அன்று காலையில் ஓடைச் சரிவு என்றதும் மானேஜர் என் முகத்தைப் பார்த்தார்.

"அவங்க ரெண்டு பேரும் பேசுறதில்லல்லோ? பின்னே கூவல் எங்ஙனே?"

"நடுவுல ராசாத்திய வச்சிருக்கேன் சார். முத்துமாரி கூவுனா ராசாத்தி எடுத்துக் கூவுவா. ராசாத்திக்குப் பேச்சி பதிலு சொல்லுவா."

"ஓடைக்கு வேற ஆள் இல்லையா?"

"தண்ணிச் சத்தத்துக்கு மேல ஏறிக் கேக்குற தொண்ட பேச்சிக்குத்தான் சார்."

அவர் காவலாளைக் கூப்பிட்டு யானைச் சேதி கேட்டார். கூட்டம் பக்கத்துத் தோட்டத்தைத் தாண்டிப் போய்விட்டதாக ராத்திரிக் காவல்காரர்கள் போனில் சொல்லியிருந்தார்கள். "சரி, போகட்டே" என்றார்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முத்துமாரி கூவினாள், பேச்சி ஜாடை பேசினாள், ராசாத்தி எடுத்துக் கூவினாள், பேச்சி "ஓய்" என்றாள். பிறகு பனி இறங்கியது. அன்றைய பனி பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி மரத்துக்கு மரம் தொங்கியது. பேச்சிக்கும் அடுத்து இருந்த தேவாரத்துப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு பாறை மேடு உண்டு. அதைத் தாண்டிப் பேச்சி ஓடைக்கரை ஈத்தைப் புதருக்கு, அதாவது யானை விரும்பித் தின்கிற நாணல் மூங்கிலுக்கு, பக்கத்தில் போயிருந்தாள்.

முத்துமாரி கூவினாள். ஜாடை வரவில்லை. ராசாத்தி எடுத்துக் கூவினாள். பதில் வரவில்லை.

"மகராசிக்கு இன்னிக்கி எம்மேலயும் கோவம் போல" என்றாள் ராசாத்தி.

"நீ யாரு, எதிர்க்கச்சிக்கு மைக்கு செட்டு. ஒன்கிட்ட எப்படிப் பேசுவா?" என்று தேவாரத்து அக்காள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குப் பயம் வந்தது. ஆனால் எனக்குத்தான் எப்போதும் வருமே. எதை நம்புவது? ஒன்றுமில்லாததற்கு நிரையை நிறுத்திவிட்டு ஓடி, அவள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது எத்தனையோ தடவை. ராசாத்தி மறுபடி கூவினாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

அப்போது மேட்டுப் பக்கத்தில் இருந்து யாரோ செடியை விலக்கிக்கொண்டு வேகமாக வருவது கேட்டது. முத்துமாரி. வாளியை விட்டுவிட்டு வந்திருந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"அக்கா, இனி கூவச் சொல்லாதீக."

"ஏன்டி?"

"அவ எனக்குப் பதிலு சொல்ல மாட்டா. ஆனா சும்மா இருக்க மாட்டாக்கா. பரிசம் நின்ன நாள்லருந்து நான் இருமுனாக்கூட அதுக்கொரு ஜாடை வச்சிருக்கா. இப்பம் ரெண்டு தடவ கூவியாச்சு. ஒண்ணுமில்ல. வாளியத் தட்டுற சத்தங்கூட இல்ல. கோவத்துல வாய மூடுற பொம்பள இல்ல அவ. அவ முன்னாடி என்னமோ நிக்கிது."

ராசாத்தி மூன்றாவது தடவை கூவ வாயைத் திறந்தாள். நான் பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினேன். காயெடுத்த கை, மண்ணும் பிசினுமாக. அவள் திமிறினாள். அந்த நேரத்தில் கீழே ஈத்தை ஒடிகிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. காற்று ஓடையில் இருந்து மேலே ஏறி வந்தது. அதில் அந்த வாடை இருந்தது. ஒருமுறை மோந்தவர்களுக்கு அது மறக்காது. ராசாத்தி என் கைக்குள் உறைந்துபோனாள்.

நான் என்ன செய்தேன் என்று எல்லோரும் கேட்பார்கள். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஆளைப் பிரித்தேன். முதலில் மேலே அனுப்ப வேண்டியது ராசாத்தியை. தைரியசாலிதான், ஆனால் வாய் அவள் பேச்சைக் கேட்காது. அவளோடு காது மந்தமான அம்மாவை அனுப்பினேன். அந்த அம்மா என்ன ஏது என்று சத்தமாகக் கேட்டுவிடக் கூடாது. ராசாத்தி அவர் கையைப் பிடித்தால் கேட்க மாட்டார், கூடவே போய்விடுவார். புதுப்பெண் அழத் தொடங்கியிருந்தாள். தேவாரத்து அக்காளுக்குப் பிள்ளைகள் உண்டு, அழுகிற பிள்ளையைச் சமாதானம் பண்ணத் தெரியும். அவளிடம் ஒப்படைத்தேன். தங்கச்சி பேசவே பேசாத பெண், கால் விழுகிற சத்தம் கேட்காது. மானேஜரைக் கூட்டி வர அவளை அனுப்பினேன். "வெரசாப் போ, ஆனா ஓடாத" என்று காதில் சொன்னேன். எல்லாம் சைகையும் மூச்சும்தான்.

முத்துமாரியை மட்டும் என்னால் எங்கேயும் அனுப்ப முடியவில்லை. மேலே போ என்று கையைக் காட்டினேன். அவள் பாறை மேட்டுக்கு இந்தப் பக்கம் போய், ஒரு தூரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கு மேல் நகர்த்த முடியாது என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

மானேஜர் வந்தார். அவருக்குப் பின்னால் வெடியோடு காவலாள். பனி கொஞ்சம் விலகி மறுபடி மூடுகிற இடைவெளியில் நாங்கள் பார்த்துவிட்டோம். பெண் யானை. காலுக்கு அடியில் குட்டி. ஓடைக்கு இந்தக் கரையில் நின்று ஈத்தையைச் சாவகாசமாக ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு இரண்டு மூன்று தூர் தள்ளி ஒரு செடிக்கட்டு. அதற்குள் பேச்சியின் தலைத்துண்டு கொஞ்சம் தெரிந்தது. அசையவில்லை.

காவலாள் வெடியை எடுத்தார். "சார், ஒண்ணு போட்டா அங்குட்டு எறங்கிப் போயிரும்."

மானேஜர் அவர் கையைப் பிடித்தார். என் பக்கம் குனிந்து, ஸ்டோர் வாசலில் கேட்கிற அதே குரலில், இன்னும் மெல்ல, "நினக்கு என்னென்ன பேடி? ஒவ்வொண்ணாப் பற" என்றார்.

வேறு யாராவது இருந்தால் அந்த நேரத்தில் என் பயத்தைப் பார்த்து வாயை மூடு என்றிருப்பார்கள். நான் சொன்னேன். வெடி மேலே இருந்து போனால் யானை கீழேதான் திரும்பும், ஆனால் குட்டி இப்போது செடிக்கட்டுப் பக்கம் நிற்கிறது, தாய் முதலில் குட்டியிடம்தான் போகும், போகிற வழியில் பேச்சி. வெடிச் சத்தத்தில் பேச்சி பதறி எழுந்தால் அவளைத்தான் முதலில் பார்க்கும். காற்று இப்போது நம் பக்கம் அடிக்கிறது, அதனால் நம் வாடை அதற்குப் போகவில்லை. மத்தியானம் காற்று திரும்பினால் போகும். பேச்சிக்கு முழங்கால் வலி உண்டு, குத்துக்காலில் ரொம்ப நேரம் தாங்க மாட்டாள், சரிந்தால் வாளி உருளும். காத்திருந்தாலும் பயம், வெடி போட்டாலும் பயம். இரண்டில் வெடிக்குத்தான் பயம் அதிகம்.

அவர் கடைசி வரைக்கும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு காவலாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெடி பைக்குள் போனது. "இருக்காம்" என்றார். உட்காரலாம் என்று. ஈர மண்ணில், சட்டை பேண்டோடு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரத்தைப் பற்றி எழுத என்னால் ஆகவில்லை. யாரும் மணி பார்க்கவில்லை. அட்டை ஏறிக் கடித்தது, தட்டிவிடவில்லை. யானை ஈத்தையை ஒடிக்கும், அரைக்கும், நிறுத்தும். நிறுத்துகிறபோதெல்லாம் என் மூச்சும் நின்றது. ஒருமுறை குட்டி செடிக்கட்டின் பக்கம் நடந்து, தும்பிக்கையால் இலையைத் தொட்டது. பேச்சியின் தலைத்துண்டு அப்படியே இருந்தது. முத்துமாரி தன் சேலைத் தலைப்பை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அழுவதற்கு வாயை அடைப்பார்கள். கூப்பிட்டுவிடாமல் இருப்பதற்கு ஒருத்தி வாயை அடைத்து அன்றுதான் பார்த்தேன்.

காற்று திரும்புகிறதா என்று நான் ஒரு காய்ந்த இலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது திரும்புவதற்கு முன்னால் தாய் தண்ணீரில் இறங்கியது. குட்டி வழுக்கி வழுக்கிப் பின்னால் போனது. எதிர்க்கரையில் செடி அசைந்தது. பிறகு மேலே மரம் அசைந்தது. பிறகு ஒன்றும் அசையவில்லை. அப்போதும் மானேஜர் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். காவலாள் பக்கவாட்டில் போய்ப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிய பிறகுதான் இறக்கினார்.

முத்துமாரி அதற்குள் பாறையைத் தாண்டிவிட்டாள். நான் பின்னாலேயே சறுக்கிக்கொண்டு போனேன்.

பேச்சி செடிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வாளி மடியில். இரண்டு கையாலும் அதன் பிடியை அமுக்கிப் பிடித்திருந்தாள், உடம்பு நடுங்குகிற நடுக்கத்தில் அது சத்தம் போட்டுவிடக் கூடாதென்று. விரல் வெளுத்துப்போய் இருந்தது. நான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது. சேலை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. பனி ஈரம் இல்லை அது.

பின்னால் ஆண்கள் வருகிற சத்தம் கேட்டது. முத்துமாரி திரும்பிப் பார்த்தாள். வேலைக்குப் போட்டிருந்த புருஷன் சட்டையைச் சட்டென்று கழற்றி, பேச்சியின் இடுப்பில் சுற்றி, கைகளை முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டாள். ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிச் சேலையின் மிச்ச இடத்தில் விசிறினாள். வருகிறவர்களைப் பார்த்து, "வழுக்கி ஓடத் தண்ணியில உக்காந்துட்டாக சார்" என்றாள். மானேஜர் அங்கேயே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காவலாளையும் திருப்பினார்.

"நட மதினி" என்றாள் முத்துமாரி.

பேச்சிக்குக் குரல் எழும்பவில்லை. தண்ணிச் சத்தத்துக்கு மேலே ஏறுகிற அந்தத் தொண்டையில் இருந்து காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கூவுனீக... கூவுனீக... ஒவ்வொரு கூவலுக்கும் அது காதத் தூக்குச்சுக்கா. பொறகு நின்னுபோச்சு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டாகன்னு. யாரு நிப்பாட்டச் சொன்னது?"

நான் முத்துமாரி பக்கம் கையைக் காட்டினேன்.

பேச்சி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முத்துமாரி குனிந்து பேச்சியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டாள். அப்படியே மேட்டுக்கு ஏறினார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஒரு காய் சிந்தவில்லை.

ரோட்டில் ஜீப் நின்றது. மற்றவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். டிரைவர் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஒடம்புக்கு முடியாதவுக முன்னாடி ஏறட்டும்க்கா, அலுங்காது" என்றார். முன் சீட்டில் ஒரு ஆள்தான் உட்காரலாம். தினமும் அதற்கு எங்கள் ஜீப்பில் பெரிய சண்டையே நடக்கும். பேச்சியின் கை முத்துமாரி தோளில் இருந்து எடுபடவில்லை. எடுத்துவிடப் பார்த்த டிரைவரை முத்துமாரி ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேரும் பின்னால் போய் ஏறினார்கள். மற்றவர்கள் ஒட்டி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், யாரையாவது முன்னால் வரச் சொல்வேன் என்று. நான் யாருக்கும் இடம் சொல்லவில்லை. நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். போடி வந்து சேரும் வரைக்கும் முன் சீட்டு காலியாகவே வந்தது.